மொட்டப்பாறை ஜீப்பின் இரண்டாவது பெட்டரி

அந்தப் பேச்சை நிஷாந்தி இன்றும் வரிசை மாறாமல் சொல்வாள். மொட்டப்பாறைத் தோட்டத்து ஆபீசில் அவள் சின்ன கிளாக்கராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பெரிய கிளாக்கரின் மேசைக்குப் பக்கத்து மேசை அவளுடையது. வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த பழக்கம். சம்பள ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். கையில் வேலைக் கணக்கு எழுதிய ஒரு தாள், தோளில் ஒரு ரெக்சின் பை.

"வட்டவளையில பெட்டரிக் கடை வச்சிருக்கிறது ஒங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார் பெரிய கிளாக்கர்.

"நாந்தாங்க."

"அப்ப வீட்டுக்காரரு என்ன செய்றாரு?"

"கொழும்புல சாப்பாட்டுக் கடையில இருக்காருங்க. கொத்து ரொட்டி போடுவாரு. நல்லாப் போடுவாரு. பெட்டரி போடத் தெரியாது."

ஜன்னலோரம் நின்ற, தோட்டத்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர் அழகுமுத்து சிரித்துவிட்டார். பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை. அவளுடைய தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஜீப்புல ஒரு பெட்டரி இருக்கே. ரெண்டாவது எதுக்கு?"

"ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு நோயாளிக்குங்க. உள்லைட்டு, மூச்சு மெசினு எல்லாம் ஒரே பெட்டரியில இழுத்தா ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி எந்திரிக்காது. போன மாசம் புள்ளத்தாச்சிப் பொண்ண எறக்கி ரோட்டோரத்துல ஒக்கார வச்சுட்டு, புருசனும் மாமனாருமா மழையில தள்ளுனாங்கல்ல?"

"சரி. ரெண்டையும் ஒரு கம்பியில கட்டிவிட்டா முடிஞ்சுது. ரிலேன்னு ஒண்ணு எழுதியிருக்கியே, அது என்ன?"

"ஒரே கம்பியில கட்டினா ரெண்டும் ஒண்ணாவே சாகும் ஐயா. ரிலே நடுவுல ஒரு கதவு மாதிரி. என்ஜின் ஓடி, டைனமோ நல்லா கரண்டு குடுத்தாத்தான் தொறக்கும். ரெண்டு பெட்டரியும் சாப்பிடும். என்ஜின் நின்னா மூடிக்கும். நோயாளி பெட்டரி எவ்வளவு எறங்கினாலும் வண்டிப் பெட்டரியத் தொடாது."

"இந்தச் சின்ன மீட்டரு?"

"டிரைவர் கண்ணுக்கு முன்னால வைக்க. பெட்டரிக்குள்ள எவ்வளவு கரண்டு இருக்குன்னு காட்டும்."

"அழகுமுத்துக்கு இருவது வருச சர்வீசு. வண்டியோட நாடி அவனுக்குத் தெரியும். இது அலங்காரம்." சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார்.

"ஒங்க இஷ்டம். ஆனா நான் வேணும்னு எழுதிக் குடுத்தேங்கிறது அந்தத் தாள்ல இருக்கட்டும்."

"எழுதவெல்லாம் தெரியுமா?"

"தெரியாட்டி இப்ப நீங்க அடிச்ச வரிய யாருங்க எழுதுனது?"

அவள் பெயர் நாகலெட்சுமி. வயது முப்பத்தொன்பது. அதே தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்து மூன்று வயதில் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள், ஒன்பது வருடம் இருந்தாள். அந்த வீட்டுப் பையன்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பாலைவன ஜீப். வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்பி வரும் வண்டிகளின் மணலைக் கழுவி எடுப்பதும் அவள் வேலைகளில் ஒன்று. பொனட்டுக்கு அடியில் இடுக்கு இடுக்காக மணலைத் துடைக்கும்போதுதான் ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பெட்டரி இருப்பதைப் பார்த்தாள். இரண்டாவது எதற்கு என்று வண்டிக்காரர்களிடம் கேட்டாள். குளிர்பானப் பெட்டிக்கு என்றார்கள். பாலைவனத்தில் கூடாரம் போட்டு இரவெல்லாம் பாட்டுக் கேட்டாலும் காலையில் சோடா சில்லென்று இருக்க வேண்டுமாம். அதற்காக ஒரு பெட்டரி, அதைக் காக்க ஒரு ரிலே, இரண்டு பக்கமும் பியூஸ், விரல் தடிப்பில் செப்புக் கம்பி.

சோடாவுக்கு இவ்வளவு மரியாதை. ஊரில் அவள் அம்மாவைத் தேயிலைக் கொழுந்து லொறியில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கணக்கு நாகலெட்சுமிக்குப் பிடிபடவே இல்லை. பிடிபடாத எதையும் அவள் கையால் தொட்டுப் பார்த்துவிடுவாள். வண்டிக்கு வேலை செய்ய ஆள் வரும் நாட்களில் துடைக்கிற துணியோடு பக்கத்திலேயே நிற்பாள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சமையலறை நாட்காட்டியின் பின்பக்கத்தில் படம் போட்டு வைப்பாள். ஊர் திரும்பியபோது பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு மல்டிமீட்டரும் கம்பி நசுக்கும் குறடும் இருந்தன. நகை எங்கே என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் அவற்றைத்தான் எடுத்துக் காட்டினாளாம்.

வட்டவளையில் ரயில் பாதைக்குக் கீழே தகரக் கொட்டகை ஒன்றை எடுத்து, திரீவீலர் பெட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றத் தொடங்கினாள். ஏழு வருடம் ஆகியும் புதிதாக வருகிறவர்கள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணன் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். "இருக்காரு, இந்தா இந்த டெஸ்டரப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்பாள். சிலர் சிரித்துவிட்டு உட்காருவார்கள். சிலர் ஹட்டனுக்கே போய்விடுவார்கள்.

மொட்டப்பாறை ஜீப்புக்கு அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். தோட்டத்து ரோடு வண்டியை உலுக்குகிற உலுக்கில் எதுவும் அசையக்கூடாது என்று நோயாளி படுக்கும் பலகைக்குக் கீழே இரும்புத் தட்டு பொருத்தி, அதில் பெட்டரியைப் போல்ட் போட்டு இறுக்கினாள். மூடி வைத்த பெட்டிக்குக் காற்றுப் போக ஒரு குழாயை வெளியே விட்டாள். கம்பி தகரத்தில் உரசும் இடமெல்லாம் பழைய தண்ணீர்க் குழாயை வெட்டிச் சட்டை போட்டாள். ஒவ்வொரு பெட்டரிக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். நிஷாந்தி தேநீர் எடுத்துக்கொண்டு போனபோது ஜீப்புக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. "தங்கச்சி, அந்த எர்த் கம்பியக் கொஞ்சம் கால்ல மிதிச்சுக்குங்க" என்று குரல் வந்தது. அவள் மிதித்துக்கொண்டு நின்றாள். தேநீர் ஆறிப்போனது.

அதற்கப்புறம் நாலு மாதம் ஜீப் நன்றாக ஓடியது, அல்லது ஓடியதாக எல்லோரும் நினைத்தார்கள்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியைச் சமதரையில் விட மாட்டார்கள். மூக்கு இறக்கத்தைப் பார்க்க, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்து நிறுத்துவார்கள். காலையில் கல்லை உதைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தால் வண்டி தானே உருளும். செகண்ட் கியரில் கிளச்சை விட்டதும் என்ஜின் பிடித்துக்கொள்ளும். பழைய டீசல் என்ஜினுக்கு அது போதும், சாவியைத் திருப்பி மோட்டாரைச் சுற்ற வைக்க வேண்டியதே இல்லை. பெட்டரிக்கு மிச்சம் என்று அவர்கள் சொல்வார்கள். அழகுமுத்து இருபது வருடமாக அப்படித்தான் ஸ்டார்ட் செய்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு முன்னாலும் இறக்கம், ஆபீசுக்கு முன்னாலும் இறக்கம். மழையில் தள்ளிய நாளிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் அவர் என்ஜினை அணைப்பதே இல்லை. எந்தப் பெட்டரி செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லாமல் போனது அதனால்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏழாம் நம்பர் மலையில் குளவி கிளம்பியது. தேயிலைச் செடிக்குள் இருந்த கூட்டில் ராக்காயியின் கை பட்டுவிட்டது. ஐம்பத்திரண்டு வயதுக்காரி, ஏற்கனவே வீசிங் உள்ளவள். முகத்திலும் கழுத்திலும் முப்பதுக்கு மேல் கொட்டு. டிஸ்பென்சரியில் ஊசி போட்டுவிட்டு, தோட்டத்து டொக்டரய்யா அவளை ஜீப்பில் ஏற்றி மூச்சு மெசினை மூக்கில் வைத்தார். மெசின் ஓடியது. தேயிலை ஸ்டோர் வளைவு தாண்டும்வரை ஓடியது. பிறகு சத்தம் இறங்கி, முனகி, நின்றது. உள்லைட்டும் அணைந்தது. ஆஸ்பத்திரி இன்னும் முக்கால் மணி நேரத் தூரம். அந்த முக்கால் மணி நேரமும் ராக்காயி பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தாள், படுத்தால் மூச்சு வரவில்லை. டொக்டரய்யா அவள் முதுகைத் தடவிக்கொண்டு, "மெதுவா ஆயி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ராக்காயி பிழைத்தாள். மூன்று நாள் ஒட்சிசன், ஒரு வாரம் வார்ட்டு.

ராக்காயி இன்னும் வார்ட்டில் இருக்கும்போதே ஆபீசில் ரிப்போர்ட் தயாரானது. தோட்டத்து மனேஜரான தொரை ஆங்கிலத்தில் சொல்ல, நிஷாந்தி தட்டினாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள் என்றுதான் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். 'தகுதியற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் செய்த பிழையான வயரிங்கே காரணம். கம்பனியின் ஏனைய தோட்டங்களும் இவரிடம் வேலை கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.' அவள் விரல்கள் அதைப் பிழையில்லாமல் தட்டின. இவ்வளவுக்கும் யாரும் ஜீப்பின் பொனட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. நாலு மாதத்துக்கு முன் தரையில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு கம்பிக்கும் சட்டை போட்டவளைப் பற்றி, ஆணி அடிக்கத் தெரியாதவர்கள் நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்பு எழுதினார்கள். கம்பனிக்குப் பன்னிரண்டு தோட்டம். நாகலெட்சுமியின் கொட்டகையில் இரும்புத்தட்டும் ரிலேயும் வாங்கிப் போட்டிருந்தது அந்த மற்றத் தோட்டங்களின் ஜீப்புகளை நம்பித்தான். அந்தத் தாள் வெளியே போனால் அதோடு அவள் பெயர் முடிந்தது.

ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்க அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

தொரைக்குச் சிங்களம் தாய்மொழி. நாகலெட்சுமி உட்பட அங்கே நின்ற எல்லோருக்கும் சிங்களம் விளங்கும். இருந்தும் விசாரணை என்றால் ஆங்கிலம்தான் என்று அவர் வைத்துக்கொண்டார். நிஷாந்தி தமிழாக்கிச் சொன்னாள். 'தகுதியற்ற' என்ற சொல்லை விட்டுவிட்டாள். "வயரிங்ல ஏதோ பிழைன்னு எழுதியிருக்காங்க அக்கா. கையெழுத்து வைக்கச் சொல்றாங்க" என்று முடித்துவிட்டாள்.

நாகலெட்சுமி பேனாவைத் தொடவில்லை.

"ஜீப்பக் காட்டுங்க. கையெழுத்து எங்கயும் ஓடிடாது."

வெளியே ஜீப் வழக்கம்போல இறக்கத்தைப் பார்த்து நின்றது, சக்கரத்தில் கல். அழகுமுத்து கல்லை உதைக்கக் காலைத் தூக்கினார்.

"உருட்டாதீங்கண்ணே. சாவியப் போட்டு எடுங்க."

"எதுக்குத் தங்கச்சி..."

"எடுங்கண்ணே. நான் போட்ட கம்பி வெடிச்சா என் மேலதானே வெடிக்கும்."

அவர் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி 'டிக்'. அவ்வளவுதான். வண்டிப் பெட்டரியும் செத்துக்கிடந்தது. பெரிய கிளாக்கர், "பாத்தீங்களா, ரெண்டையும் கெடுத்து வச்சிருக்கா" என்றார்.

"பொறுங்கய்யா. இப்ப உருட்டுங்கண்ணே."

ஜீப் உருண்டு ஸ்டார்ட் ஆனது. நாகலெட்சுமி பொனட்டைத் திறந்து, மீட்டரின் இரண்டு முனையையும் பெட்டரியில் வைத்து, என்ஜினை முறுக்கச் சொன்னாள். பன்னிரண்டு புள்ளி ஒன்று. அதற்கு மேல் முள் நகரவில்லை. "டைனமோ நல்லா குடுத்தாத்தான் கதவு தொறக்கும்னு அன்னிக்கே ஜன்னல்ல சொன்னேன். அதுக்குப் பதிமூணு தாண்டணும். டைனமோ குடுக்கவே இல்லயே, ரிலே எப்படித் தொறக்கும்? ரெண்டாவது பெட்டரி எத்தன வாரமாப் பட்டினி கெடந்துச்சோ." என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, டைனமோவைச் சுற்றும் ஃபேன் பெல்ட்டை விரலால் தடவினாள். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள்.

"அழகுமுத்தண்ணே, பெல்ட்டக் குளிப்பாட்டி விட்டீங்களா?"

அழகுமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. "கத்துச்சு தங்கச்சி. பங்களாப் பக்கம் போனா காது கிழியுதுன்னு தொரை ஏசுனாரு. துணிச் சவர்க்காரத்தத் தேச்சேன். சத்தம் நின்னுபோச்சு."

"சத்தம் நின்னுச்சு, டைனமோவும் நின்னுச்சு. வழுக்குற பெல்ட்டு எதச் சுத்தும்? டைனமோ நின்னா முன்னுக்கு செவப்பு லைட்டு எரிஞ்சிருக்கணுமே?"

"எரிஞ்சுச்சு. கண்ணக் குத்துதுன்னு டேப் ஒட்டினேன்." பிறகு அவர் குரலும் உயர்ந்தது. "நான் என்ன செய்ய? புது பெல்ட்டுக்கு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன்!"

"எங்கிட்ட ஒண்ணும் வரல" என்றார் பெரிய கிளாக்கர்.

அழகுமுத்து நிஷாந்தியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அந்த இரண்டு தாளும் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். இரண்டிலும் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று பெரிய கிளாக்கர் சொல்ல எழுதியது அவள் கைதான். ரிப்போர்ட்டைத் தட்டிய காலையிலும் அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காத இடத்தில் பேசாமல் இருப்பது அடக்கம் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழியிலும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ராக்காயி பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடியதை நினைத்தபோது அந்த அடக்கத்தின் மேல் அவளுக்கு எரிச்சல் பொங்கியது. உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்து, தொரையின் கையில் நேராகக் கொடுத்தாள். பெரிய கிளாக்கர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

தொரை இரண்டு தாளையும் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். சொல்லும்போது நாகலெட்சுமியின் கையில் இருந்த மீட்டரைக் காட்டிச் சிரித்தார். பெரிய கிளாக்கரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"தொரைக்கு வெளங்கிருச்சாம் அக்கா. பெல்ட்ட மாத்தச் சொல்றாரு" என்றாள் நிஷாந்தி.

பழைய ரிப்போர்ட் கிழிக்கப்பட்டது. புதியதில் 'பெல்ட் தேய்மானத்தால் ஏற்பட்ட மின்கோளாறு' என்று ஒரே வரி. யாருடைய பெயரும் இல்லை. கேட்டும் வாங்கிக் கொடுக்காதவர் பெயரும் இல்லை, சத்தம் கேட்கக்கூடாது என்றவர் பெயரும் இல்லை. பெல்ட் தானாகவே தேய்ந்து தானாகவே சோப்புப் பூசிக்கொண்டதுபோல. வீண்பழி போட்டுக் கூப்பிட்டு நிறுத்தியதற்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருத்தம் என்பது அந்த ஆபீசில் கீழிருந்து மேலே மட்டும் போகிற சரக்கு. ஆனால் பன்னிரண்டு தோட்டத்துக்கும் போக இருந்த தாள் போகவில்லை. மூன்று மாதத்துக்குள் ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று நாகலெட்சுமியைக் கூப்பிட்டது. அங்கே கொடுத்த வேலைக் கணக்குத் தாளிலும் அவள் டிரைவருக்கான சின்ன மீட்டரை எழுதினாள். யாரோ அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தபோது, மீட்டர் இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்று தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாளாம்.

நாகலெட்சுமி நிஷாந்தியிடம் எர்த் கம்பியை மிதிக்கச் சொன்னதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. விசாரணை முடிந்த அன்று மட்டும் கேட்டாள். ஆபீசுக்குப் பின்னால் உள்ள பைப்பில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். நிஷாந்தி துவாயோடு பக்கத்தில் நின்றாள்.

"தொரை ரொம்ப நேரம் பேசுனாரு" என்றாள் நாகலெட்சுமி. "நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க."

நிஷாந்தி துவாயை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"குவைத்துல மொத வருசம் எனக்கு அரபி தெரியாது. அந்த வீட்டு மேடம் ஏசுறதயெல்லாம் கூட இருந்த இன்னொரு பொண்ணு எனக்கு நல்லதாவே மாத்திச் சொல்லுவா. பாவம், என் மனசு நோகக்கூடாதுன்னு. நானும் நம்பிக்கிட்டு, ஒரு வருசம் பூரா அந்தம்மா மொகத்தப் பாத்து சிரிச்சுக்கிட்டே திரிஞ்சேன். ஏசுறவளப் பாத்து. அத நெனச்சா இப்பவும் ஒடம்பு பத்திக்கிட்டு வருது தங்கச்சி."

பைப்பை மூடினாள். துவாயை வாங்கி விரல் விரலாகத் துடைத்தாள்.

"ஒங்களுக்கு நல்ல மனசுதான். ஆனா எனக்கு யாரு பேச்சயும் கழுவித் தராதீங்க. ஏசினா ஏசினபடியே சொல்லுங்க. எதுக்குக் கோவப்படணும்னு எனக்குத் தெரியணும்ல? இப்பவே சொல்லுங்க. அவரு என்ன சொன்னாரு?"